ஒரே பெயர், இரண்டு அளவைகள்: யு-40, யு-100 இன்சுலின் சிரிஞ்சுகள்

இன்சுலின் போட்டுக்கொள்ளும் நோயாளிகளிடம் "எத்தனை யூனிட் போடுகிறீர்கள்?" என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். "எந்தச் சிரிஞ்சில் போடுகிறீர்கள்?" என்று கேட்டால், "கடையில் கொடுக்கும் இன்சுலின் ஊசிதான், டாக்டர்" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். முதல் கேள்விக்குரிய விடை எவ்வளவு முக்கியமோ, இரண்டாவது கேள்விக்குரிய விடையும் அவ்வளவு முக்கியம். ஏனெனில், இன்சுலின் சிரிஞ்சு என்ற ஒரே பெயரில் மருந்துக் கடைகளில் இரண்டு வெவ்வேறு கருவிகள் கிடைக்கின்றன. ஒன்று யு-40, மற்றொன்று யு-100. தோற்றத்தில் இரண்டும் உடன்பிறந்தவை போல இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்தால், உடலுக்குள் செல்லும் மருந்தின் அளவு இரண்டரை மடங்கு கூடும் அல்லது குறையும். இந்த வேறுபாட்டை நோயாளிகளும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினரும் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

சிரிஞ்சு ஓர் அளவைக் கருவி

நம் வழக்கில் சிரிஞ்சை 'ஊசி' என்றே அழைக்கிறோம். அதனால் நம் கவனம் முழுவதும் குத்தும் முனையின் மீதே செல்கிறது. வலிக்குமா, ஊசி மெல்லியதா, நீளமா என்றெல்லாம் கேட்கிறோம். ஆனால் இன்சுலின் சிரிஞ்சின் முதல் வேலை அளப்பது. குத்துவது அதற்கு அடுத்த வேலை. அதன் உடலில் உள்ள கோடுகளும் எண்களும் ஓர் அளவுகோல். அந்த அளவுகோல் எந்த மருந்துக்காக வரையப்பட்டதோ அந்த மருந்தை மட்டுமே அது சரியாக அளக்கும்.

நம் முன்னோர் காலத்தில் அரிசியைப் படியால் அளந்தார்கள். படியின் கொள்ளளவு ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஓர் ஊரின் 'நான்கு படி' மற்றோர் ஊரின் 'நான்கு படி'க்குச் சமமாக இருக்கவில்லை. எண் ஒன்றுதான்; அளவை வேறு. அரிசியில் அந்த வேறுபாடு சிறு நட்டத்தோடு முடிந்துவிடும். இன்சுலினில் அது உயிரைத் தொடும்.

40, 100 என்ற எண்கள் எதைக் குறிக்கின்றன?

பலர் இவ்வெண்களைச் சிரிஞ்சின் கொள்ளளவு என்று எண்ணுகின்றனர். அது சரியன்று. அவை இன்சுலினின் அடர்த்தியைக் குறிப்பவை. 1 மி.லி. திரவத்தில் 40 யூனிட் இன்சுலின் கரைந்திருந்தால் அது யு-40, 1 மி.லி. திரவத்தில் 100 யூனிட் இருந்தால் அது யு-100.

காப்பி டிகாக்‌ஷனை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் டிகாக்‌ஷன் கெட்டியாக இருக்கும். இரண்டாவது டிகாக்‌ஷன் நீர்த்திருக்கும். இரண்டிலும் அரை டம்ளர் எடுத்தால் கொள்ளளவு ஒன்றுதான். ஆனால் காப்பியின் காரம் ஒன்றன்று. யு-100 என்பது கெட்டியான இன்சுலின். யு-40 என்பது அதைவிட நீர்த்த இன்சுலின்.

ஆகவே 20 யூனிட் வேண்டுமானால், யு-40 சீசாவிலிருந்து 0.5 மி.லி. எடுக்க வேண்டும். யு-100 சீசாவிலிருந்து 0.2 மி.லி. எடுத்தாலே போதும். இந்தக் கணக்கை நோயாளி ஒவ்வொரு வேளையும் போட வேண்டிய தேவை ஏற்படக் கூடாது என்பதற்காகவே, ஒவ்வோர் அடர்த்திக்கும் தனித்தனிச் சிரிஞ்சு செய்திருக்கிறார்கள். யு-40 சிரிஞ்சில் 20 என்ற கோடு 0.5 மி.லி. இடத்தில் இருக்கும். யு-100 சிரிஞ்சில் அதே 20 என்ற கோடு 0.2 மி.லி. இடத்தில் இருக்கும். சீசாவும் சிரிஞ்சும் பொருந்தியிருக்கும்வரை எந்தப் பெருக்கலும் வகுத்தலும் தேவையில்லை. மருத்துவர் சொன்ன எண்வரை இழுத்தால் போதும்.

அடையாளம் காண்பது எப்படி?

முதலில் சீசா. அதன் லேபிளில் 1 மி.லி.க்கு 40 ஐ.யு. என்றோ 100 ஐ.யு. என்றோ ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். ஐ.யு. என்பது சர்வதேச யூனிட்டைக் குறிக்கும். நம் நாட்டில் சீசாவில் விற்கப்படும் மனித இன்சுலின் பெரும்பாலும் 40 அடர்த்தி கொண்டது. ஆனால் 100 அடர்த்தி கொண்ட சீசாக்களும், குறிப்பாகப் புதிய வகை இன்சுலின்களில், கடைகளில் உள்ளன. ஆகவே 'சீசா என்றால் 40' என்று பொதுவாக முடிவு செய்யாமல், ஒவ்வொரு முறையும் லேபிளைப் படிக்க வேண்டும்.

அடுத்தது சிரிஞ்சு. நம் நாட்டில் யு-40 சிரிஞ்சின் ஊசிமுனை மூடி வழக்கமாகச் சிவப்பு நிறத்திலும், யு-100 சிரிஞ்சின் மூடி ஆரஞ்சு நிறத்திலும் இருக்கும். முதல் பார்வைக்கு இந்த நிறம் உதவும். எனினும் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். சிவப்பும் ஆரஞ்சும் அடுத்தடுத்த நிறங்கள். மாலை விளக்கொளியிலும், கண்புரை உள்ள முதியவர்களின் பார்வையிலும் அவை ஒன்றுபோலவே தோன்றக்கூடும். சிரிஞ்சின் உடலிலும் உறையிலும் 40 அல்லது 100 என்று அச்சிடப்பட்டிருப்பதைப் பார்ப்பதே உறுதியான வழி.

கோடுகளின் மதிப்பும் வேறுபடும். 1 மி.லி. கொள்ளும் யு-40 சிரிஞ்சில் ஒவ்வொரு சிறு கோடும் பொதுவாக 1 யூனிட். 1 மி.லி. கொள்ளும் யு-100 சிரிஞ்சில் ஒவ்வொரு சிறு கோடும் பொதுவாக 2 யூனிட். கோடுகளை எண்ணி அளக்கும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே மேலும் ஒரு முறை தவறக்கூடும். கோடுகளை எண்ணாதீர்கள், எண்ணைப் படியுங்கள்.

மாறிப்போனால் என்ன நேரும்?

இரண்டு வகையாக மாறலாம். மருத்துவர் 20 யூனிட் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம்.

முதல் வகை: சீசா யு-40, சிரிஞ்சு யு-100. இருபதாம் கோடுவரை இழுத்தால் 0.2 மி.லி. திரவமே வரும். அதில் இருப்பது 8 யூனிட். தேவையில் பாதிகூட இல்லை. சர்க்கரை கூடிக்கொண்டே செல்லும். தாகமும் அடிக்கடி சிறுநீர் கழித்தலும் சோர்வும் தோன்றும். காயங்கள் ஆறத் தாமதமாகும். முதல் வகை நீரிழிவு உள்ள குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் இது மேலும் ஆபத்தானது. இன்சுலின் போதாமையால் இரத்தத்தில் கீட்டோன் எனப்படும் அமிலப் பொருள்கள் சேர்ந்து, வாந்தி, வயிற்றுவலி, பெருமூச்சு, மயக்கம் என்று நிலைமை விரைவில் முற்றக்கூடும்.

இரண்டாம் வகை: சீசா யு-100, சிரிஞ்சு யு-40. இருபதாம் கோடுவரை இழுத்தால் 0.5 மி.லி. திரவம் வரும். அதில் இருப்பது 50 யூனிட். வேண்டியதைப் போல இரண்டரை மடங்கு. சர்க்கரை வெகுவாக இறங்கி வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி ஆகியவை தோன்றும்; பின்னர் பேச்சுக் குழறல், தடுமாற்றம், வலிப்பு, நினைவிழப்பு என்று தொடரலாம். தூக்கத்தில் நேர்ந்தால் அருகிலிருப்பவர்களுக்கும் தெரியாமல் போகலாம்.

வெளியே தெரியாத தவறு

மேலே சொன்ன முதல் வகை மாற்றம் உடனே வெளிப்படுவதில்லை. அதுவே அதன் தீங்கு. ஒரு பெரியவரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு மருத்துவர் 24 யூனிட் எழுதுகிறார். வீட்டில் யு-40 சீசா. கையில் யு-100 சிரிஞ்சு. அவர் உடலுக்குச் செல்வது 10 யூனிட்டுக்கும் குறைவு. சர்க்கரை இறங்கவில்லை. மருத்துவர் அளவை 30 ஆக்குகிறார். பிறகு 40 ஆக்குகிறார். நாற்பதாம் கோடுவரை இழுக்கும்போது உண்மையில் 16 யூனிட் செல்கிறது. சர்க்கரை கட்டுக்குள் வருகிறது. எல்லோருக்கும் நிம்மதி. மருத்துவக் குறிப்பேட்டில் '40 யூனிட்' என்று பதிவாகிறது.

சில மாதங்கள் கழித்துக் காய்ச்சலுக்காகவோ அறுவை சிகிச்சைக்காகவோ அவர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். செவிலியர் சீட்டைப் பார்த்து, சரியான சிரிஞ்சில், சரியாக 40 யூனிட் போடுகிறார். அவர் உடல் பழகியிருப்பதோ 16 யூனிட்டுக்கு. அன்றிரவே சர்க்கரை அபாய அளவுக்கு இறங்கக்கூடும். மருத்துவமனைக்குச் செல்லாவிட்டாலும், கடைக்காரர் ஒரு நாள் சிவப்பு மூடிச் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால் வீட்டிலேயே இது நேரலாம். சரியான கருவி வந்த நாளே ஆபத்தான நாளாகிவிடும் விந்தை இது.

ஆகவேதான் உள்நோயாளியாகச் சேரும்போது, 'எத்தனை யூனிட்' என்பதைச் சொல்வதோடு நின்றுவிடாமல், வீட்டில் பயன்படுத்தும் சீசாவையும் பிரிக்காத ஒரு சிரிஞ்சையும் கையோடு கொண்டுவந்து காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

சீசா எத்தனை நாள் வருகிறது?

தவறு நடக்கிறதா என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. 10 மி.லி. கொண்ட யு-40 சீசாவில் மொத்தம் 400 யூனிட் இருக்கும். காலை 24, மாலை 16 என்று நாளொன்றுக்கு 40 யூனிட் போடுபவருக்கு அது 10 நாள் வர வேண்டும். அதே சீசா 25 நாள் வந்தால், அவர் யு-100 சிரிஞ்சால் அளக்கிறார் என்று ஐயுற வேண்டும்.

10 மி.லி. கொண்ட யு-100 சீசாவில் 1000 யூனிட் இருக்கும். அதே நபருக்கு அது 25 நாள் வர வேண்டும். பத்தே நாளில் தீர்ந்துவிட்டால், யு-40 சிரிஞ்சால் அளந்து இரண்டரை மடங்கு போடுகிறார் என்று பொருள். அந்நிலையில் அடுத்த வேளைக்கு முன் மருத்துவரைத் தொடர்புகொள்வது அவசியம்.

சீசா திறந்த தேதியை லேபிளின் மேல் பேனாவால் எழுதிவைத்தால் இந்தக் கணக்கு எளிதாகும். திறந்த சீசாவைப் பொதுவாக நான்கு வாரங்களுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பதற்கும் அத்தேதி உதவும்.

இரண்டு அளவைகள் ஏன் உள்ளன?

1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் முதன்முதலில் செலுத்தப்பட்டது. அக்கால இன்சுலின் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. தொகுதிக்குத் தொகுதி அதன் வீரியம் மாறியது. எனவே எடையால் அளக்க இயலவில்லை. முயலின் இரத்தச் சர்க்கரையைக் குறிப்பிட்ட நிலைக்கு இறக்கத் தேவையான மருந்தை அடிப்படையாகக் கொண்டு 'யூனிட்' என்ற அளவை வகுத்தார்கள். மருந்தின் தூய்மை உயர உயர, குறைந்த திரவத்தில் அதிக யூனிட்டுகளை அடக்க முடிந்தது. யு-40, யு-80 என்று வலுவான வகைகள் வந்தன.

பல அடர்த்திகள் ஒரே காலத்தில் புழங்கியதால் அயல்நாடுகளிலும் குழப்பம் இருந்தது. பிரிட்டனில் நெடுங்காலம் புழங்கிய சிரிஞ்சில் 1 மி.லி.க்கு 20 கோடுகள் இருந்தன. யு-40 இன்சுலினில் ஒரு கோடு 2 யூனிட்; யு-80 இன்சுலினில் ஒரு கோடு 4 யூனிட். 'பத்து' என்று ஒருவர் சொன்னால் அது பத்துக் கோடா, பத்து யூனிட்டா என்ற ஐயம் எழுந்தது. இத்தகைய குழப்பத்தை நீக்கவே அமெரிக்கா 1973 முதலும் பிரிட்டன் 1983 முதலும் யு-100 என்ற ஒரே அடர்த்திக்கு மாறத் தொடங்கின. நம் நாட்டில் யு-40 சீசாக்கள் தொடர்கின்றன. பேனாக்களும் சில சீசாக்களும் யு-100 ஆக உள்ளன.

இவற்றுள் ஒன்று நல்ல இன்சுலின், மற்றொன்று மட்டமான இன்சுலின் என்று எவரும் கருத வேண்டாம். உரிய சிரிஞ்சில் அளந்தால் 20 யூனிட் என்பது எதில் எடுத்தாலும் 20 யூனிட்தான்.

வெளிநாட்டில் வாழும் மகன், மகள் வீட்டுக்குச் சென்று சில மாதங்கள் தங்கும் பெற்றோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். இங்கிருந்து யு-40 சீசாக்களை எடுத்துச் சென்று, சிரிஞ்சு தீர்ந்ததும் அங்கே வாங்கினால், அது பெரும்பாலும் யு-100 ஆகவே இருக்கும். அங்கிருந்து அன்போடு வாங்கி அனுப்பப்படும் சிரிஞ்சுகளுக்கும் இது பொருந்தும். பயணக் காலம் முழுவதற்கும் போதிய சிரிஞ்சுகளைச் சீசாக்களோடு சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரின் கடிதத்தையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலும் இரண்டு எச்சரிக்கைகள்

இன்சுலின் பேனாவின் குப்பியில் இருப்பது பொதுவாக யு-100 இன்சுலின், 3 மி.லி. குப்பியில் 300 யூனிட் இருக்கும். சில பேனாக்களில் 1 மி.லி.க்கு 300 யூனிட் அடர்த்தி கொண்ட மருந்தும் உண்டு. பேனா பழுதாகிவிட்டது, மருந்து வீணாகிறது என்று எண்ணி, அதன் குப்பியில் சிரிஞ்சைக் குத்தி எடுக்கக் கூடாது. 300 அடர்த்தி மருந்தை யு-40 சிரிஞ்சில் இருபதாம் கோடுவரை எடுத்தால், உடலுக்குச் செல்வது 150 யூனிட்!

இரண்டாவது, காசநோய்ப் பரிசோதனைக்குப் பயன்படும் 1 மி.லி. சிரிஞ்சு. இதுவும் மெல்லியதாக, இன்சுலின் சிரிஞ்சைப் போலவே இருக்கும். ஆனால் இதில் யூனிட் கோடுகளே கிடையாது, மி.லி. கோடுகள் மட்டுமே உண்டு. 'இன்சுலின் ஊசி இல்லை, இதுவும் ஒரு எம்.எல்.தான்' என்று யாரேனும் கொடுத்தால் வாங்க வேண்டாம்.

தவறு தெரியவந்தால்

பொருந்தாத சிரிஞ்சைப் பயன்படுத்தி வருவது இதைப் படித்தபின் தெரியவந்தால் பதற வேண்டாம். யாரையும் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அதே சமயம், நீங்களாகவே சரியான சிரிஞ்சுக்கு மாறி, பழைய எண்ணிலேயே மருந்து போட்டுவிடாதீர்கள். மேலே பெரியவருக்கு நேர்ந்தது உங்களுக்கும் நேரலாம். இன்சுலினை முற்றாக நிறுத்திவிடவும் கூடாது. அடுத்த வேளைக்கு முன் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, சீசாவின் எண், சிரிஞ்சின் எண், இழுக்கும் அளவு ஆகிய மூன்றையும் சொல்லுங்கள். சரியான புதிய அளவை அவர் சொல்வார். இரண்டரையால் பெருக்கியோ வகுத்தோ சமாளிக்கும் முறையை வீட்டு வழக்கமாக்க வேண்டாம். கணக்கு அறிந்தவர் ஊரில் இல்லாத நாளில் அது பிழைபடும்.

அதிக அளவு இன்சுலின் சென்றுவிட்டது என்று தெரிந்தால், உடனே சர்க்கரையைப் பரிசோதியுங்கள். 70 மி.கி.க்குக் குறைந்திருந்தாலோ, அறிகுறிகள் தோன்றினாலோ, நோயாளி விழிப்போடு இருக்கும்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையையோ குளுக்கோஸையோ நீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதியுங்கள். ஏறவில்லை எனில் மறுபடியும் கொடுங்கள். சர்க்கரை ஏறிய பின்னும் அவரைத் தனியே விடாதீர்கள். நீண்ட நேரம் செயல்படும் இன்சுலின் பல மணி நேரம் கழித்தும் சர்க்கரையை இறக்கும். ஆகவே அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கடையில் கேட்கும்போது 'இன்சுலின் ஊசி' என்று மட்டும் சொல்லாமல், 'யு-40 சிரிஞ்சு' அல்லது 'யு-100 சிரிஞ்சு' என்று எண்ணோடு கேளுங்கள். பழைய உறையைக் கொண்டுபோய்க் காட்டுவது இன்னும் நல்லது.

2. சீசாவையும் சிரிஞ்சையும் ஒரே கடையில், ஒரே நேரத்தில் வாங்குங்கள். கடையை விட்டு இறங்கும் முன் இரண்டின் எண்களையும் ஒப்பிடுங்கள்.

3. வீட்டில் இருவர் இன்சுலின் போடுபவராயின், ஒவ்வொருவரின் சீசா, சிரிஞ்சுகளையும் தனித்தனி டப்பாவில், பெயரும் எண்ணும் எழுதி வையுங்கள். சீசாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் அதன் டப்பாவிலும் அதே எண் இருக்கட்டும்.

4. மருந்தை எடுக்கும்போது சிரிஞ்சைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். உள்ளிருக்கும் கறுப்பு அடைப்பானின், ஊசிப் பக்கம் உள்ள விளிம்பு எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுவே அளவு. காற்றுக் குமிழி இருந்தால் தட்டி வெளியேற்றிவிட்டு மீண்டும் அளவைப் பாருங்கள்.

5. பார்வை மங்கியவர்களுக்கு மற்றொருவர் அளந்து கொடுக்கட்டும். அளந்து கொடுப்பவர் மாறும்போது, எண்களைச் சரிபார்க்கும் முறையையும் அவருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

6. மருந்துச் சீட்டில் யூனிட்டின் எண்ணிக்கையோடு இன்சுலினின் அடர்த்தியும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில் எழுதித் தருமாறு எங்களிடம் தயங்காமல் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

நீரிழிவுச் சிகிச்சையில் உணவு, உடற்பயிற்சி, மருந்து, பரிசோதனை என்று நினைவில் வைக்க வேண்டியவை பல. அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: சீசாவில் உள்ள எண்ணும் சிரிஞ்சில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். 40-க்கு 40, 100-க்கு 100. இன்றிரவு மருந்து போடும் முன், இரண்டையும் விளக்கின் அருகே எடுத்துச் சென்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.